‘வெறுங்கண்’ பெயரில் வந்த கடைசிப் பதிவு

நிஷா இறந்த செய்தி எனக்கு இரண்டு முறை வந்தது. முதல் முறை வந்தபோது நான் அலுவலகக் கூட்டத்தில் இருந்தேன். அவருடைய கணவர் சாதிக் அண்ணன் கூப்பிட்டார். "கல்பனா, முந்தாநாள் நிஷா கடையில மயங்கி விழுந்தாள்ல, இப்ப மூளை செத்துப் போச்சுன்னு டாக்டர் சொல்றாங்க. கொஞ்சம் வர்றீங்களா?" என்றார். இரண்டாம் முறை மறுநாள் காலையில் வந்தது. பாசிர் ரிஸ் நிலையத்தில் ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தேன். "முடிஞ்சிருச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். இந்த இரண்டில் எது சாவுச் செய்தி என்பதைப் பற்றித்தான் நானும் நிஷாவும் வருடக்கணக்கில் சண்டை போட்டோம்.

உங்களில் பெரும்பாலோருக்கு நிஷா என்ற பெயரே புதிதாக இருக்கும். நம் ‘எதிர்வாதம்’ இணையக் குழுவில் ‘வெறுங்கண்’ என்று எழுதிக்கொண்டிருந்தவர் அவர்தான். முழுப் பெயர் ரஹ்மத் நிஷா. சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் கணவரோடு மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தினார். கண் பரிசோதனை அவர் வேலை, சட்டம் பூட்டுவதும் கல்லாவும் சாதிக் அண்ணன் வேலை. தடுப்பூசி, கருணைக்கொலை, சாதி, தொழிலாளர்களை லாரியின் பின்பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிப்போவது என்று நீங்கள் எதைத் தொட்டாலும் பதில் எழுத வந்துவிடுவாரே, அதெல்லாம் இரண்டு வாடிக்கையாளர்களுக்கு நடுவில், நின்றுகொண்டே எழுதியவை. நான் ‘மண்டைக்கனம்’. என்னோடும் உங்களில் பலர் சண்டை போட்டிருக்கிறீர்கள், அறிமுகம் போதும்.

அவர் வாதாடும் முறை உங்களுக்குத் தெரியும். எடுத்த எடுப்பில் மறுக்கமாட்டார். எதிராளி சொன்னதை அவரைவிட நன்றாகச் சொல்லிக் காட்டிவிட்டு, "இதுதானே நீங்க சொல்றது?" என்று கேட்பார். "ஆமாம்" என்று பதில் வரும்வரை அடுத்த வரி எழுதமாட்டார். சிலர் பதில் சொல்ல மூன்று நாள் எடுத்துக்கொள்வார்கள். நடுவில் நாமெல்லாம் புகுந்து அந்த ஆளை வறுத்தெடுத்துக்கொண்டிருப்போம். இவர் காத்திருப்பார். எனக்கு அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் சண்டை உறுப்புக் கொடையைப் பற்றியது. இந்த ஊரில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காவிட்டால் இசைந்ததாகவே பொருள். மூளை இறந்துவிட்டால், மருத்துவர்கள் முறைப்படி உறுதிசெய்த பிறகு, உறுப்புகளை எடுத்துக்கொள்வார்கள். கரூரிலிருந்து வேலைக்கு வந்து நிரந்தரவாசி ஆனவள் நான். இதைத் தெரிவிக்கும் அரசாங்கத் தாள் வீட்டுக்கு வந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. கேட்காமல் எடுப்பதற்குப் பெயர் கொடையா என்று எழுதினேன். நெஞ்சு துடித்துக்கொண்டிருக்கும் ஒருவரைப் பிணம் என்று சொல்லும் தைரியம் யாருக்கு வருகிறது என்றும் எழுதினேன். ‘வெறுங்கண்’ வந்தார். என் வாதத்திலிருந்து ஆத்திரத்தைக் கழித்துவிட்டுத் திருப்பிச் சொன்னார். இதுதானே என்றார். ஆமாம் என்றேன். அப்புறம் ஒரு வாரம் என்னைத் தூங்கவிடவில்லை. "மூளை செத்தா ஆள் செத்தாச்சு. மீதி, கரண்ட் போகாத வீடு. உள்ள யாரும் இல்ல" என்று அவர் எழுதியதைப் பலர் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

அவரை நேரில் சந்தித்தது தற்செயல். கிட்டப்பார்வைக்குப் பவர் ஏறியிருந்தது. தேக்கா சந்தையில் காய் வாங்கிவிட்டு அந்தக் கடைக்குள் போனேன். எனக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி போட்டால் கண் சோம்பேறியாகிவிடும், கேரட் சாறு குடித்தால் தானாகச் சரியாகும் என்று அடித்துப் பேசிக்கொண்டிருந்தார். வெள்ளை முக்காடு போட்ட ஒரு பெண்மணி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கண்ணாடி போட்டா பவர் கூடும், கேரட் குடிச்சா குறையும், டாக்டருங்களும் கடைக்காரங்களும் சேர்ந்துதான் இத மறைக்கிறாங்க. இதுதானே அண்ணே நீங்க சொல்றது?" என்றார். அவர், "ஆமாலா, அதேதான்" என்றார். அது எனக்குத் தெரிந்த கேள்வி. என் முறை வந்து கருவிக்குப் பின்னால் உட்கார்ந்ததும், "நீங்க வெறுங்கண்ணா? நான்தான் மண்டைக்கனம்" என்றேன். அவர் கருவியில் கண்ணாடிச் சில்லை மாற்றிக்கொண்டே, "எது தெளிவா இருக்கு, ஒண்ணா ரெண்டா?" என்றார். ரெண்டு என்றேன். "மண்டைக்கனத்துக்கு இவ்ளோ பவரா? அதான் நான் சொல்றது ஒண்ணும் தெரியல" என்று சிரித்தார்.

அதன் பிறகு மாதத்தில் ஒரு சனிக்கிழமை பகலில் அங்கே போய்விடுவேன். "சண்டை போடணும்னா முதல்ல சாப்பிடுங்க கல்பனா, பசியில நீங்க தப்புத் தப்பாப் பேசுவீங்க" என்பார். கடைக்குப் பின்னாலிருந்த சின்ன அறையில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு பேசுவோம். சாதிக் அண்ணன் தலையை நீட்டி, "இன்னும் முடியலையா?" என்று கேட்டுவிட்டுப் போவார். அவருக்கு இதிலெல்லாம் அக்கறையில்லை. வீட்டில் இதைப் பற்றிப் பேசுவீர்களா என்று ஒருமுறை கேட்டேன். "சேச்சே. வீட்டுல பேசுனா சோறு ஆறிப்போகும். அவருக்கு மௌத்து, சாவு, அந்தப் பேச்சே ஆகாது லா. காதப் பொத்திக்குவாரு" என்றார். அப்போது இருவரும் சிரித்தோம்.

‘சம்மட்டி’யை நீங்கள் மறந்திருக்க முடியாது. எந்த விஷயத்தைத் தொட்டாலும் அவர் கடைசியில் நிஷாவின் மதத்தில்தான் வந்து நிற்பார். ஒருநாள் மிகவும் கேவலமாக எழுதினார். குழுவே கொதித்தது. நிஷா இப்படிப் பதில் எழுதினார்: "நான் பொம்பள, அதனால அறிவியல் பேசக்கூடாது. முஸ்லிம், அதனால அறம் பேசக்கூடாது. கடைக்காரி, அதனால சமூகம் பேசக்கூடாது. இதுதானே நீங்க சொல்றது?" அவர் மறுநாள்வரை பதில் எழுதவில்லை. அப்புறம், "அப்படி இல்லை" என்றார். "அப்ப எப்படி? சொல்லுங்க, கேக்குறேன்" என்றார் நிஷா. அதன் பிறகு அவர்கள் இருவரும் மாதக்கணக்கில் வாதாடினார்கள். அவர் வசவை நிறுத்தினார். கருத்தில் ஓர் அங்குலம்கூட அசையவில்லை.

இதை வெற்றிக் கதையாக நான் சொல்லவில்லை. நிஷாவே அப்படி நினைக்கவில்லை. போன நோன்புப் பெருநாளுக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை அவர் மிகவும் சோர்ந்திருந்தார். "இத்தனை வருஷத்துல ஒருத்தர் மாறல கல்பனா. ஒருத்தர்கூட. கடைக்கு வர்றவங்களுக்காவது கண்ணாடியப் போட்டதும் தெரியுது" என்றார். அப்படியானால் விட்டுவிடுங்களேன் என்றேன். "விட்டா அவங்க மட்டும்தானே பேசிட்டிருப்பாங்க" என்றார். அதைச் சொன்ன குரலில் உற்சாகம் எதுவும் இல்லை. வாசலைப் பெருக்குகிறவர்கள் நாளைக்கும் குப்பை விழும் என்று தெரிந்தே பெருக்குவார்களே, அந்தச் சலிப்புதான் இருந்தது.

மருத்துவமனைக்கு நான் போனபோது சாதிக் அண்ணன் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தார். மருத்துவர்கள் நிதானமாகவும் கனிவாகவும்தான் விளக்கியிருந்தார்கள். அவர்கள்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் என்னை உள்ளே அழைத்துப்போனார். நிஷா தூங்குவதுபோலத்தான் இருந்தார். போர்வை ஏறி இறங்கியது. "கையத் தொட்டுப் பாருங்க" என்றார். தொட்டேன். சூடாக இருந்தது. வெளியே வந்ததும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"நெஞ்சு ஏறி இறங்குது. கை சூடா இருக்கு. ஆனா போய்ட்டான்னு சொல்றாங்க. நாளைக்கு எடுக்கப் போறாங்களாம், கிட்னி, கண்ணு எல்லாம். அவ வேணாம்னு எழுதிக் குடுக்கல. இதப் பத்தி நீங்கதானே அவகூடச் சண்டை போட்டீங்க? அவ இருக்காளா, இல்லையா? நீங்க சொல்லுங்க."

யோசித்துப் பாருங்கள். உயிர் போவது எப்போது என்று ஊர் பேர் தெரியாத நமக்கெல்லாம் பாடம் நடத்தியவர் நிஷா. நம் குழுவில் எவனைக் கேட்டாலும் அவர் விருப்பத்தைச் சொல்லியிருப்பான். பக்கத்தில் படுத்துறங்கிய மனிதருக்கு அது தெரியவில்லை. காதைப் பொத்திக்கொள்வாரே என்று நிஷா அவரிடம் சொல்லவேயில்லை. நான் என்ன நினைக்கிறேன் என்பதைச் சொல்ல எனக்கு அங்கே உரிமை இல்லை. எனவே நிஷாவின் பக்கத்தில் நின்று பேசினேன். "மெஷின்தான் மூச்சு விடுது அண்ணே, அவங்க இல்ல. இத அவங்க மனசார நம்புனாங்க. எடுத்துக்கட்டும்னுதான் சொல்லியிருப்பாங்க" என்றேன். நிஷா எழுதியிருந்த ஒவ்வொன்றையும் வரிசையாகச் சொன்னேன். எனக்கு எல்லாம் மனப்பாடம், அத்தனை வருடம் அவற்றை எதிர்த்திருக்கிறேன். சாதிக் அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் தலையாட்டினார். "சரி. அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

மறுநாள் உடலை வாங்கிக் குளிப்பாட்டித் தொழுகை முடித்து சுவா சூ காங் இடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். நான் அவர்கள் வீட்டில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். குழுவில் தெரிவிக்கட்டுமா என்று பிறகு கேட்டபோது, "இப்ப வேணாம் கல்பனா, நானே சொல்றேன்" என்றார் சாதிக் அண்ணன். அவர் எப்படிச் சொல்லப்போகிறார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

சில வாரம் கழித்து ‘வெறுங்கண்’ பெயரில் ஒரு பதிவு வந்தது. நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். "மூளை செத்தா ஆள் செத்தாச்சுன்னு சொன்னது தப்பு. கை சூடா இருந்துச்சு. கூப்பிட்டா எந்திரிச்சிருப்பா. யாரும் நம்பாதீங்க." அது சாதிக் அண்ணன் எழுதியது, பிறகு அவரே என்னிடம் சொன்னார். நிஷாவின் கைபேசியில் அத்தனை வருடப் பதிவுகளையும் கடையில் உட்கார்ந்து படித்திருக்கிறார். படிக்கப் படிக்க அவருக்குச் சமாதானம் வரவில்லை, சந்தேகம்தான் வந்திருக்கிறது. எல்லோருக்கும் இவ்வளவு விளக்கியவள் எனக்கு ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்ற கோபம் வேறு. தான் யார் என்று அதில் அவர் எழுதவில்லை. கடைத் தொலைபேசியை எடுத்தால்கூடப் பெயர் சொல்லிப் பழக்கமில்லாதவர் அவர். இரண்டாவது பதிவு வந்தது, மூன்றாவதும் வந்தது. நிஷா ஆயுள் முழுக்க எதை மறுத்தாரோ அதை நிஷாவின் பெயரே எழுதிக்கொண்டிருந்தது.

நான் அன்று பகல் முழுவதும் வேலையில் மாட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் சும்மா இருக்கவில்லை. யாரோ அவர் கணக்கைத் திருடிவிட்டான் என்று முடிவுகட்டினீர்கள். "எங்கள் வெறுங்கண் இப்படி எழுதவே மாட்டார்" என்றீர்கள், அது உண்மைதான். பிறகு அவருடைய பழைய பதிவுகளிலிருந்தே வரிகளை எடுத்து அந்தத் ‘திருடனை’ வரிக்கு வரி கிழித்தீர்கள். சூட்டுக்கும் உயிருக்கும் வித்தியாசம் தெரியாத தற்குறி என்று ஒருவர் எழுதினார். மனைவியைப் புதைத்துவிட்டு வந்த மனிதர் அதையெல்லாம் கல்லாவில் உட்கார்ந்து படித்தார். அதோடு விட்டீர்களா? எல்லோரும் சேர்ந்து புகார் கொடுத்தீர்கள். சாயங்காலத்துக்குள் கணக்கை முடக்கிவிட்டார்கள். அதோடு அவர் எழுதிய அத்தனையும் போயிற்று. இப்போது பழைய விவாதங்களைத் திறந்தால் நம்முடைய பதில்கள்தான் இருக்கின்றன, வெறும் சுவரைப் பார்த்துக் கத்திக்கொண்டு. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நீங்கள் பிள்ளையாரைக் காப்பாற்றப் போய்ப் பிள்ளையாரையே உடைத்துவிட்டீர்கள். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் இருக்கிறேன். முறையிட்டுப் பார்த்தேன். திரும்பக் கிடைக்காது என்று பதில் வந்துவிட்டது.

ஒரே ஒருவர் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினார். ‘சம்மட்டி’. தன் கட்சிக்கு ஆள் வந்துவிட்டது என்று குதிப்பார் என்றுதான் திறந்தேன். "வெறுங்கண் நல்லா இருக்காங்களா? அது அவங்க எழுத்து இல்ல. ஆனா திருடன் எழுதுற மாதிரியும் இல்ல. வீட்டுல ஏதாவது ஆயிடுச்சா?" என்று கேட்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். படித்ததற்கு அடையாளம் தெரிந்தது. அவர் குழுவிலிருந்து விலகிவிட்டதைப் பிறகு பார்த்தேன்.

போன சனிக்கிழமை கடைக்குப் போனேன். கண் பரிசோதனை அறையைப் பூட்டிவைத்திருந்தார்கள். சாதிக் அண்ணன் யாருடைய கண்ணாடிக்கோ திருகு முடுக்கிக்கொண்டிருந்தார்.

"அவ எழுதுனது எல்லாம் போச்சா?"

"போச்சு அண்ணே."

"என்னாலதானே?"

"இல்லண்ணே. எழுதுனது நீங்கன்னு குழுவுல யாருக்கும் தெரியாது."

"நீங்க அன்னைக்குச் சொன்னது அவ சொன்னது. நான் உங்களக் கேட்டேன்ல? நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு சொல்லவே இல்லையே" என்றார்.

அவரை மறுக்க என்னிடம் ஆயிரம் வாதம் இருந்தது, எல்லாம் இரவல் வாங்கியவை. அவரோடு சேர்ந்து, ஆமாம் உயிரோடுதான் இருந்தார் என்று சொல்லவும் முடியாது. சொன்னால் மிச்சமிருக்கும் நாளெல்லாம் அவர் தூங்கமாட்டார். நிஷா இருந்திருந்தால் என்ன செய்வாரோ அதைத்தான் செய்து பார்த்தேன்.

"கை சூடா இருந்துச்சு. நெஞ்சு ஏறி இறங்குச்சு. சட்டம் உங்ககிட்டக் கேக்கல, சொல்லிட்டுப் போயிடுச்சு. அவங்களும் உங்ககிட்டச் சொல்லல, முகம் தெரியாத எங்ககிட்டச் சொன்னாங்க. உங்க பொண்டாட்டி செத்தாங்களா இல்லையான்னு உங்களத் தவிர எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க. இதுதானே அண்ணே நீங்க சொல்றது?"

திருப்புளியைக் கீழே வைத்தார். வாய் கோணிக்கொண்டு போயிற்று. "ஆமா" என்றார். "ஆமா கல்பனா. அதுதான். அதேதான்." முகத்தைத் தோள்துண்டால் துடைத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"சரி, சொல்லுங்க. அப்புறம்?" என்றார்.

நிஷாவிடம் ஒரு ‘அப்புறம்’ எப்போதும் இருந்தது. எதிராளியின் ‘ஆமாம்’ கையில் வந்த பிறகுதான் அவர் வாதமே தொடங்கும். நான் அவரிடமிருந்து வைத்துக்கொண்டிருப்பது அதற்கு முந்தைய பாதி மட்டும்தான். ஒருவர் மனதில் இருப்பதை அவர் வாயாலேயே ஆமாம் என்று சொல்லவைக்கும்வரை எனக்கு வரும். மீதியை மண்ணுக்குள் வைத்தாயிற்று. எழுத்தில் இருந்ததையும் அழித்தாயிற்று. சாதிக் அண்ணன் பதிலுக்காக என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.